ஆளில்லாத ஊரைத் தேடிப் போன மாணவர்கள்: கோலார் தங்கவயல் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள், ‘மனிதர் நீங்கிய ஊர்கள்’ என்ற தலைப்பில் புகைப்படக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. உடன் ஒரு துறை ஆசிரியை. வட்டார வரலாறு சேகரிப்பவன் என்பதால் என்னையும் ஆலோசனைக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரும் இங்கே இல்லை.

அவர்கள் முதலில் போன இடம் தனுஷ்கோடி. அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அப்படியே அடித்துச் செல்லப்பட்டது. அதன் பின் அரசு அந்த இடத்தை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. படம் எடுப்பது எளிது, கீழே எழுதுவதும் எளிது. ஆனால் அங்கேயும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இன்றுவரை வாழ்கிறார்கள். மாணவர்கள் கொண்டுவந்த படங்களில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. இதை ஆசிரியை அப்போதே கவனித்துச் சொன்னார். அடுத்த ஊருக்கு என்னையும் அழைக்க அதுவும் ஒரு காரணம்.

அடுத்த ஊராக அவர்கள் தேர்ந்தெடுத்தது கோலார் தங்கவயல். காட்பாடியிலிருந்து ரயிலில் பங்காருப்பேட்டை, அங்கே வண்டி மாறினால் மாரிகுப்பம் கிளைப்பாதை. போய்வருவது சுலபம். திரைப்படங்களின் புண்ணியத்தில் அந்த ஊரின் சாம்பல் நிற மேடுகள் எல்லாருக்கும் அறிமுகமாகிவிட்டன. வார இறுதிகளில் கேமராவோடு போகும் கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. அப்படிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதிவைக்கிறேன்.

அந்த ஊருக்கு என்ன நடந்தது

பயணத்துக்கு முன் மாணவர்களுக்கு ஊரின் கதையைச் சொல்ல ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினோம். அதன் சுருக்கம் இது.

1802-இல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, மாரிகுப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்துக் குறித்துவைத்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு பெங்களூரில் குடியேறிய லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, 1870-களில் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட அனுமதி வாங்கினார். அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகுதான் தங்கவயல் தங்கவயல் ஆனது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே மின்விளக்கு வராத காலம் அது.

வேலைக்கு ஆள்? பழைய வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். ஊரில் பண்ணையாரின் நிலத்தில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு, மாதச் சம்பளமும் சாதிப்பெயர் சொல்லி அழைக்காத இடமும் இங்கே கிடைத்தன. பதிலுக்குப் பாறைத்தூள் நுரையீரலில் ஏறியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதும் வாடிக்கை.

ஊர் வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1954-இல் அம்பேத்கர் வந்து போனார். 1965-இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் வைத்த கருவிகளில், அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பதிவாயின; உலகில் அவற்றின் முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. கர்நாடகத்துக்குள் இருக்கும் இந்தத் தொகுதியிலிருந்து அ.தி.மு.க. வேட்பாளர் வென்று சட்டமன்றத்துக்குப் போனதும் உண்டு.

1956-இல் மைசூர் அரசும் பிறகு மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. அதற்குள் நல்ல பாறை தீர்ந்துகொண்டிருந்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் கிடைத்தது சுமார் 3 கிராம் தங்கம். எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. குழிகளில் தண்ணீர் ஏறியது.

தனுஷ்கோடியைப் போல ஒரே இரவில் நடந்ததில்லை இது. மூடும்போது வேலையிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணப்பலனை வாங்கிக்கொண்டு, நிறுவனம் வரிசையாகக் கட்டியிருந்த அதே லைன் வீடுகளில்தான் பெரும்பாலும் தங்கினார்கள். மாணவர்கள் இதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்த படப் பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லை: துருப்பிடித்த சுரங்கக் கோபுரம், இடிந்த பங்களா, சயனைடு மேடு என்ற சுரங்கக் கழிவுக் குன்று, பூட்டிய வாயில்.

புறப்படும் முன் எடுத்த முடிவுகள்

ஆசிரியையும் நானும் சேர்ந்து மூன்று விஷயங்களை எழுத்தில் வைத்தோம்.

ஒன்று, வேலி போட்ட சுரங்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் யாரும் கால் வைக்கக்கூடாது. அது நிறுவனத்துக்குச் சொந்தமான நிலம் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், நூறாண்டுகளாகக் குடைந்த தரை அது. எங்கே உள்ளே வெற்றிடம் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. 2020 மே மாதத்தில் மாரிகுப்பம் பகுதியில், மூடிய சுரங்கத்துக்குள் திருட்டுத்தனமாக இறங்கியவர்களில் மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. காற்றோட்டம் நின்றுபோன குழியில் மூச்சு முட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது.

இரண்டு, சயனைடு மேட்டில் ஏறுவதா வேண்டாமா என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வது. நாங்கள் போனது ஆடி மாதம். அங்கே காற்று பலமாக இருக்கும் காலம்.

மூன்றாவதில்தான் விவாதம் வந்தது. பகலில் போய்ப் படமெடுத்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்றார்கள் மாணவர்கள். இரவு அங்கே தங்க வேண்டும் என்றேன் நான். தங்கவயலிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களைப் பார்க்காமல் ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. செலவு கூடும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தங்கவயலின் ஒரு பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் எளிய விடுதி ஒன்று கிடைத்ததும் அந்தப் பேச்சு அடங்கியது.

குடியாத்தம் பக்கத்து நண்பர் ஒருவர் மூலம், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அவருடைய அப்பா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவர்.

காலையில் கண்டது

பங்காருப்பேட்டையில் மாறி ஏறிய வண்டியில் எங்கள் குழுவைத் தவிர அதிகம் பேர் இல்லை. உரிகம், சாம்பியன் நிலையங்களில் இறங்கியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மாரிகுப்பத்தில் வண்டி நின்றபோது நடைமேடை வெறிச்சோடிக் கிடந்தது.

லைன் வீடுகள் பக்கம் நடந்தோம். ஒரே அளவில், ஒரே சாய்ப்பில், வரிசை வரிசையாக நீளும் சின்னச் சின்ன வீடுகள். பல கதவுகளில் பூட்டு. சில வீடுகளில் கூரைத் தகடு பெயர்ந்து உள்ளே செடி முளைத்திருந்தது. தெருவில் நாய்கள், இரண்டொரு கிழவிகள், ஒரு ஐஸ் வண்டிக்காரர். தூரத்தில் சுரங்கத்தின் தூக்குக் கோபுரம், மேலே சக்கரம் அசையாமல் நின்றது. மாணவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. இதற்குத்தானே வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்துவிட்டார்கள். ஒரு மாணவி கைபேசியில் தலைப்புகூட எழுதிவைத்துவிட்டாள்: ‘மனிதர்கள் விட்டுப்போன தெரு’.

அப்போது நான் குறுக்கிடவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தேன். பூட்டிய கதவுகளில் எத்தனை பூட்டு துருப்பிடித்தது, எத்தனை பூட்டு புதிது, எந்த வாசலில் கோலம் இருக்கிறது, எந்தக் கொடியில் துணி காய்கிறது என்று ஒரு தெருவை மட்டும் பார்த்துக் குறிக்கச் சொன்னேன். இருவர் இருவராகப் பிரிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட வாசல்களில் காலையில் போட்ட கோலம் இருந்தது. பூட்டுகளில் பெரும்பாலானவை புதியவை, தினமும் சாவி போட்டுத் திறப்பதில் பளபளவென்று தேய்ந்தவை. தலைப்பை எழுதியிருந்த மாணவி அதை அழித்துவிட்டு வெறும் தேதியைப் போட்டுக்கொண்டாள்.

எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் இந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. பூட்டு, கோலம், துணிக்கொடி, தண்ணீர்க் குடம், மின் மீட்டர். ஒரு வீடு இருக்கிறதா போய்விட்டதா என்று இவையே சொல்லிவிடும்.

சுவரில் ஒரு இடைவெளி

மதியத்துக்கு முன் ஒரு சோதனை வந்தது. சுரங்கப் பகுதியைச் சுற்றிய மதில் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அங்கே நின்ற உள்ளூர் இளைஞர் ஒருவர், ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தால் உள்ளே கூட்டிப்போய் வைண்டர் அறையைக் காட்டுவதாகச் சொன்னார். காவலாளி சாப்பிடப் போயிருக்கும் நேரம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

குழுவிலேயே நன்றாகப் படமெடுக்கும் மாணவர் ஒருவர் போயே தீர வேண்டும் என்று நின்றார். அவர் வாதத்திலும் ஞாயம் இருந்தது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டான கேஜை மேலும் கீழும் இழுத்த அந்த வைண்டர் இயந்திரங்கள் இன்னும் எத்தனை காலம் இருக்குமோ தெரியாது; பழைய இரும்பு திருடு போய்க்கொண்டிருக்கிறது; இப்போது பதிவு செய்யாவிட்டால் எப்போது? அதற்கு ஆசிரியை சொன்ன பதில் சுருக்கமானது. அனுமதி கேட்டு எழுதுவோம், கிடைத்தால் நீ மறுபடி வா, கிடைக்காவிட்டால் அந்தப் படம் நம்மிடம் இல்லை.

வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாம் பணம் கொடுத்தால், நாளைக்கு அந்த இளைஞர் இன்னொரு குழுவைக் கூட்டிப்போவார். என்றைக்காவது ஒருநாள் தரை இறங்கும். அப்போது உள்ளே இருப்பது அவரும்தான். அவரிடம் இதை நேராகவே சொன்னேன். “எனக்குத் தெரியும்ணா. வேற வேலை சொல்லுங்க, செய்யறேன்” என்றார். அப்புறம் அன்று முழுவதும் அவரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். ஊருக்குள் எந்த லைன் எந்த மைனைச் சேர்ந்தது, எந்தப் பங்களாவில் யார் இருந்தார்கள் என்று அவருக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. கூலியை முதலிலேயே பேசி, மாலையில் கொடுத்தோம்.

அந்த மாணவர் கோபத்தோடு விலகி நின்றார். பிறகு மதிலுக்கு வெளியே தெருவிலிருந்தே தூக்குக் கோபுரத்தை எடுத்தார். முன்னால் கொடியில் காயும் பள்ளிச் சீருடை, பின்னால் சக்கரம். கண்காட்சியில் மக்கள் அதிக நேரம் நின்று பார்த்த படம் அதுதான் என்று பிறகு ஆசிரியை சொன்னார்.

சயனைடு மேடு

அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கரைசலைப் பயன்படுத்தினார்கள். மிஞ்சிய சேற்றை ஊரின் நடுவிலேயே கொட்டினார்கள். கொட்டக் கொட்டக் குன்றானது. மொத்தம் 3 கோடி டன்னுக்கும் மேல் என்கிறது கணக்கு. மழை அரித்த வாய்க்கால்களோடு, பாலைவனத்தைப் பெயர்த்து வைத்ததுபோல் நிற்கிறது. படம் பிடிக்க அதைவிட அழகான இடம் அந்த ஊரில் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் அன்று காற்று. மேட்டின் உச்சியிலிருந்து வெண்சாம்பல் திரை ஒன்று கிளம்பி லைன் வீடுகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஏற வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாணவர்கள் பயந்தது சயனைடுக்கு. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெருமளவு சிதைந்துவிடும். சிதையாமல் இருப்பது மாவு போன்ற அந்தப் பாறைத்தூள். சிலிக்கா கலந்த நுண்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சுரங்கத் தொழிலாளர்களைத் தின்ற சிலிகோசிஸ் நோய் வந்தது அதனால்தான். நாம் ஒரு பொழுது சுவாசித்துவிட்டுப் போய்விடுவோம், அங்கே இருப்பவர்கள் வருடம் முழுக்கச் சுவாசிக்கிறார்கள்.

காற்றுக்கு எதிர்ப்பக்கம், தள்ளியிருந்த சாலையிலிருந்து படமெடுத்தோம். முகக்கவசம் கொண்டுவந்தவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேருக்குக் கடையில் துணிக்கவசம் வாங்கினோம். துணிக்கவசம் இந்தத் தூளை முழுதாகத் தடுக்காது. அதனால் அங்கே அதிக நேரம் நிற்கவும் இல்லை.

பெரியவர் வீட்டில்

பெரியவரின் வீடு ஓர் அறையும் சின்னச் சமையற்கட்டும் கொண்ட லைன் வீடு. முன்னால் அவரே போட்ட ஒரு தகரச் சாய்ப்பு. எல்லாரும் உள்ளே நிற்க இடமில்லாததால் மாணவர்கள் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் கட்டையில் ஈரத்துணி ஒன்று மடித்துக் கிடந்தது. அவர் மனைவி பேச்சினிடையே எழுந்து அதை எடுத்துத் தண்ணீரில் அலசினார். தண்ணீர் சாம்பல் நிறமாக மாறியது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, ஆடிக்காற்று ஓயும்வரை இப்படித்தான் என்றார். குடங்கள் எல்லாவற்றுக்கும் தட்டு போட்டு, தட்டின் மேல் துணியும் போட்டிருந்தது.

பெரியவர் ஆணியில் தொங்கிய ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினார். எண் பொறித்த டோக்கன். இறங்கும்போது வாங்கிக்கொண்டு போவது, ஏறியதும் திருப்பிக் கொடுப்பது. ஷிஃப்ட் முடிந்து ஒரு டோக்கன் குறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கடைசி நாள் அதைத் திருப்பி வாங்க யாரும் கேட்கவில்லை. அதனால் அவரிடமே இருக்கிறது. கேஜில் இறங்கும்போது காது அடைப்பதை, ஆழத்தில் உடம்பிலிருந்து ஆவி பறப்பதை, சங்கு ஊதும் நேரத்துக்கு வெளியே ஊதினால் தெருவே வாசலுக்கு ஓடிவருவதை எல்லாம் நிதானமாகச் சொன்னார். நடுநடுவே இருமல் வந்தபோது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

பேச்சு முடியும் நேரம் அவரே கேட்டார், எந்தத் தலைப்பில் போடப் போகிறீர்கள் என்று. ஒரு மாணவர் தயங்கித் தயங்கி, “கைவிடப்பட்ட ஊர்கள், பேய் ஊர்கள்னு ஒரு வரிசை தாத்தா” என்றார்.

“அப்படிப் போடாதீங்க தம்பி. எம் பேத்தி காலேஜ் முடிச்சுட்டா. பேய் ஊருன்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல யாரு பொண்ணு கேட்டு வருவாங்க? ஏற்கெனவே வீடு யார் பேர்லன்னு பேப்பர் இல்லைன்னு ஒரு பேச்சு இருக்கு.”

லைன் வீடுகள் நிறுவனத்தின் சொத்து. தலைமுறைகளாகக் குடியிருந்தும் பலர் கையில் உரிமைப் பத்திரம் இல்லை. அந்தப் பிரச்சினையில் எங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொன்னோம். தலைப்பு எங்கள் கையில் இருந்தது. அதை மாற்றுவது என்று அவர் வீட்டு வாசலிலேயே முடிவு செய்தோம்.

அவர் படத்தை வைக்கலாமா, பெயர் வேண்டுமா, வீட்டு உட்புறப் படம் வேண்டாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். முகம் வைக்கலாம், பெயர் வேண்டாம் என்றார். உட்புறத்துக்கும் சரி என்றார்.

இரவு ரயில்

இருட்டிய பிறகு மாரிகுப்பம் நிலையத்துக்குப் போனோம். காலையில் காலியாகக் கிடந்த நடைமேடைக்கு வெளியே இப்போது ஆட்டோக்கள், வேர்க்கடலை வண்டி, பூக்காரி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தாத்தாக்கள். வண்டி வந்து நின்றதும் பெட்டி பெட்டியாக ஆட்கள் இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பெண்கள் நிறைய. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து ஒரே இரைச்சல். கால் மணி நேரத்தில் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. காலையில் பூட்டுகளைக் குறித்த அதே தெருவுக்கு மாணவர்கள் ஓடினார்கள். குழம்பு கொதிக்கும் வாசனை. தொலைக்காட்சிச் சத்தம்.

ஊரைக் கைவிட்டது வேலை. ஆட்கள் அதன் பின்னால் தினமும் போகவும் வரவுமாகப் பல மணி நேரம் ரயிலில் செலவழித்து, வீட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஊருக்கே குடிபோகலாமே என்று ஒரு மாணவி ரயிலிலிருந்து இறங்கிய ஒரு அக்காவிடம் கேட்டாள். பெங்களூரில் வாடகை கொடுத்தால் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்றார் அவர். அம்மாவை யார் பார்ப்பது, சனிக்கிழமை பிள்ளைகள் எங்கே விளையாடும் என்றும் கேட்டார். நின்று பேச அவருக்கு நேரமில்லை. மறுநாள் விடியுமுன் மறுபடி வண்டி பிடிக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பின்

கண்காட்சியின் தலைப்பு ‘வேலை போன ஊர்கள்’ என்று மாறியது. தனுஷ்கோடிக்கு இரண்டு பேர் மறுபடி போய், கரையில் வலை இழுக்கும் குடும்பங்களிடம் பேசிப் படமெடுத்து வந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த நேரத்தைப் போட்டார்கள். காலை பத்து மணித் தெருவும் இரவு ஒன்பது மணித் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இடிந்த மதில் தெரியும் படங்களைச் சேர்க்கவில்லை.

கல்லூரி வராந்தாவில் நடந்த கண்காட்சிக்கு எதிர்பாராத கூட்டம் வந்தது. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் தங்கவயலுக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. தாத்தாவின் சேமநிதிச் சீட்டு, பழைய குழுப் படம், உரிகம் பள்ளிச் சான்றிதழ் என்று எதையாவது கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவற்றைப் படியெடுத்து வைக்கத் தனி மேசை போட வேண்டியதாயிற்று.

எல்லாமே நன்றாக நடந்துவிடவில்லை. குழுவில் ஒருவர் தான் எடுத்த காணொளியைத் திகில் இசையோடு, எங்கள் ஒப்புதலுக்கு வெளியே தனியாகப் பதிவேற்றினார். அதில் பெரியவரின் வீடும் இரண்டு விநாடி வந்தது. பேத்தி பார்த்துவிட்டு அழைத்தாள். ஆசிரியை அன்றே அதை நீக்கவைத்தார். மாணவரும் அந்தக் குடும்பத்திடம் நேரில் பேசினார். ஆனால் அதற்குள் வேறு இரண்டு கணக்குகளில் அது பகிரப்பட்டுவிட்டது. முழுதாகத் திரும்பப் பெற முடியவில்லை. பெரியவரின் வீட்டு உட்புறப் படத்தையும் குடும்பம் பிறகு வேண்டாம் என்றது. எடுத்துவிட்டோம்.

வைண்டர் அறையைப் படமெடுக்க அனுமதி கேட்டுக் கல்லூரி எழுதிய கடிதத்துக்கு, இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

அடுத்த முறைக்கு மாற்றுபவை

ஒப்புதலை ஒரே தடவையில் வாங்குவது போதாது. பெரியவர் சரி என்றது அவர் மனதிலிருந்துதான். ஆனால் அதன் விளைவு பேத்தியின் மேல் விழுகிறது. வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளிடமும் கேட்டு, கண்காட்சிக்கு முன் படங்களை அனுப்பிக் காட்டி, இரண்டாவது முறையும் சம்மதம் வாங்குவது என்று வைத்திருக்கிறோம். கைபேசிக் காணொளிகளும் குழுவின் பொதுச் சேமிப்புக்கு முதலில் வர வேண்டும் என்று மாணவர்கள் கையெழுத்திடுவார்கள்.

நாங்கள் நீண்ட நேரம் பேசியது ஆண்களோடு மட்டும். அந்த ஈரத்துணியைப் பற்றிப் பெரியவரின் மனைவியிடம் இன்னும் நிறையக் கேட்டிருக்கலாம். தூளோடும் தண்ணீரோடும் நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர் அவர்தான். கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்களையும் தேட வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த குழுவுக்குத் தங்கவயல் முழுக்கத் தமிழூராகத் தெரிந்துவிடும். நல்ல தூள்வடிப்பு முகக்கவசத்தைப் பயணச் செலவிலேயே சேர்த்தாகிவிட்டது. ஆடி, ஆவணியைத் தவிர்த்து மழைக்குப் பின் போகவும் முடிவு.

மேடுகளின் படங்களுக்கு இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. அவற்றில் மிஞ்சிய தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது நடந்தால் ஊரின் தோற்றமே மாறும். வேலையும் வரலாம், கிளறிய தூளும் வரலாம். ஊரில் இதைப் பற்றிக் கேட்டபோது நம்பிக்கையும் பயமும் ஒரே வீட்டிலேயே இருந்தன. ஆகவே அடுத்த குழு போகும்போது மேடுகளை ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், தேதி போட்டு எடுத்துவைக்கும். விடியலுக்கு முன் கிளம்பும் வண்டியில் அந்தப் பயணிகளோடு பெங்களூர்வரை போய்வரவும் இரண்டு மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.